ஹாரன் அக்கா காற்றை நிறுத்திய ஞாயிறு

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு ஹாரன் அக்கா என்று பெயர் வைத்தது பஸ்ஸில் போகிற பிள்ளைகள்தான். நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதையளப்பவர்கள், வளைவில் லாரியை ஓரங்கட்டாமல் சிகரெட் பிடிப்பவர்கள், கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டும் வாலிபர்கள், யாராக இருந்தாலும் சரி, அவள் உள்ளங்கை ஹாரனில் விழுந்தால் லேசில் எழும்பாது. பெற்றோர் சிலர் பள்ளியில் போய்ப் புகார் சொன்னார்கள். "நான் வாயால சொல்றதைவிட இது மரியாதையாத்தான் இருக்கு" என்றாள் அவள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூக்கு நுனியில் கோபம் என்று சிலரைச் சொல்வோம். இவளுக்குக் கோபம் வாடகை கொடுக்காமல் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கைகள் ஊர் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தன.

கோயில் சிறியது. ஆர்கன் பெரியது. அப்பாவின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்ட சின்னப் பையன் மாதிரி இருக்கும் அந்தக் கோயில். வாசலுக்கு மேலே ஒரு மரமாடம். குறுகிய படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறிப்போக வேண்டும். ஏறினால் கூரை வரைக்கும் நிற்கிற கறுத்த மரப்பெட்டி. அதன் முகப்பில் ஈயக்குழல்கள் உயரவாரியாக வரிசை கட்டியிருக்கும். உள்ளே இன்னும் நூற்றுக்கணக்கில். விரல் நீளத்துக்கு ஒன்று, ஆள் படுக்கலாம் போல ஒன்று. இருநூறு வருடத்துக்கு மேல் பழசு என்று வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடித்துப் போவார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆனால் ஞாயிறுதோறும் மேலே உட்கார்ந்து வாசிக்கிறது யார் என்று யாரும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. மின்விசிறி சுற்றினால் சுவிட்சைப் போட்டது யார் என்றா கேட்கிறோம்?

ஹாரன் அக்காவின் அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. கோயிலில் ஆர்கன் வாசித்ததும் அவர்தான். மனிதர் பேசுவதே முத்திரை குத்துவது மாதிரி இருக்கும், ஒரே குத்து, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஆர்கனுக்கு மோட்டார் கிடையாது. குழல்களுக்குக் காற்று வேண்டும்; காற்றுக்குத் துருத்தி வேண்டும்; துருத்திக்கு ஆள் வேண்டும். பெட்டிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சிற்றறை. அதற்குள் கட்டில் அகலத்துக்கு இரண்டு தோல் துருத்திகள், இரண்டு மிதிகட்டைகள். ஒன்றை மிதித்து இறக்க வேண்டும், அது மெதுவாக அடங்குவதற்குள் அடுத்ததற்குத் தாவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பாட்டு சளி பிடித்த மாதிரி இழுக்கும். அந்த அறைக்குள் ஒன்பது வயதில் அனுப்பப்பட்டவள் இவள். அவளுக்கு மூன்று வயது இளையவன் தம்பி. அவன் சுவருக்கு அந்தப் பக்கம், வெளிச்சத்தில், அப்பாவுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து சுரக்கட்டைகளை அழுத்தக் கற்றுக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. வியர்த்து வழிய வெளியே வந்தவள், "அப்பா, நானும் கொஞ்சம் வாசிச்சுப் பாக்கறேனே" என்றாள்.

அப்பா ஆர்கனின் மூடியைச் சாத்திக்கொண்டே சொன்னார். "நீ இங்க ஏறி உக்காந்துட்டா அங்க மிதிக்கிறது யாரு?"

தம்பி கெக்கெக்கென்று சிரித்தான்.

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம். இதற்கு என்ன பதில் சொல்வது? நியாயமான கேள்வி மாதிரியே இருந்தது அது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். வருடக்கணக்காக ஞாயிறுதோறும் அவள் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டே மிதித்தாள்.

பதில் பெட்டியில் வந்து இறங்கியது. அவளுக்கு இருபது வயதிருக்கும்போது ஆர்கனுக்கு மின்சார மோட்டார் வைத்தார்கள். ஊரே அதன் இரைச்சலைத் திட்டியது. இவள் மட்டும் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்காத குறை. கோயிலைப் பெருக்கித் துடைக்கிறேன் என்று மதிய வேளைகளில் சாவியை வாங்கிக்கொள்வாள். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீயிடம் சுரக்குறிகள் படிக்கக் கற்றிருந்தாள். சுவருக்குப் பின்னாலிருந்து கேட்டதெல்லாம் காதில் மனப்பாடமாக இருந்தது. விரல்தான் பழக வேண்டும். பழகியது. ஒரு நாள் வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினால் அப்பா படியில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஏதாவது சொல்வார் என்று நின்றாள். அவர் மோட்டாரை அணைத்தார், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், இறங்கிப் போய்விட்டார்.

தம்பி நகரத்துக்குப் போய் இசைக் கல்லூரியில் சேர்ந்தான். பிறகு எங்கெங்கோ பெரிய கோயில்களில் வாசித்தான்; செய்தித்தாளில் படம் வந்தது. அப்பா அந்தப் படத்தைத் தபால் ஆபீஸ் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். பிறகொரு நாள் அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஊரில் வேறு ஆள் இல்லை. கோயிலில் அப்போதிருந்த வயதான சாமியார்தான் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அப்பா தடுக்கவில்லை. "பையன் வர்ற வரைக்கும் சமாளிக்கட்டும்" என்றார்.

பையன் வரவில்லை. அவள் முப்பது வருடத்துக்கு மேல் சமாளித்தாள். அதற்குள் ஒரு வெல்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள், பஸ் ஓட்டக் கற்றாள், மகளை வளர்த்து வேலைக்கு அனுப்பினாள். ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவள்தான் வாசித்தாள். அப்பா சாகிற வரைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அவருடைய அடக்கத்தன்று அவள் வாசித்த வேகத்துக்குச் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் கிட்டத்தட்ட ஓட வேண்டியதாயிற்று என்று வெல்டர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் ஒருவர்தான் அவளுடைய கோபத்தைப் பார்த்துச் சிரிக்கத் துணிந்தவர்.

ஆர்கனுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. தோல் கிழிந்தது, எலி கூடு கட்டியது, குழல்கள் சாய்ந்தன. ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் குழலும் சேர்ந்து முனகியது. ஊர் கூடிப் பேசி, ஒரு குழு அமைத்து, அரசாங்கத்தின் கையையும் காலையும் பிடித்து, கடைசியில் பழுது பார்க்க ஏற்பாடு நடந்தது. குழல்களைப் பட்டறைக்குக் கொண்டுபோக லாரி சரிப்படாது, குலுங்கும் என்றார் பழுதுபார்ப்பவர். ஹாரன் அக்கா விடுமுறையில் பள்ளி பஸ்ஸைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு குழலாகப் போர்வையில் சுற்றி, பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளில் படுக்கவைத்து, இடுப்பு வாரால் கட்டினாள். எல்லாவற்றிலும் பெரியதை இருக்கைகளுக்கு நடுவிலுள்ள வழியில் நீளவாக்கில் கிடத்தினாள். ஹாரன் அடிக்காமல் பஸ் ஓட்டியது அவள் வாழ்க்கையில் அந்தப் பயணங்களில் மட்டும்தான். திரும்பக் கொண்டுவந்ததும் அவள்தான்.

திறப்பு விழா நெருங்கியது. ஒரு நாள் காலை, பஸ் நிறையப் பிள்ளைகளோடு ரொட்டிக்கடையைத் தாண்டும்போது கடைக் கண்ணாடியில் சுவரொட்டி கண்ணில் பட்டது. தம்பியின் முகம். வெள்ளி நிறத்தில் வாரிய தலைமுடி, கழுத்தில் மெல்லிய துணி, தாடையில் கை. கீழே பெரிய எழுத்தில்: "நம் ஆர்கன் மீண்டும் பாடுகிறது. நம் மண்ணின் மைந்தர் வாசிக்கிறார்."

பஸ் நின்ற வேகத்தில் பின்னால் ஒரு பிள்ளையின் சாப்பாட்டு டப்பா உருண்டு முன்னால் வந்தது. அவள் இறங்கிப் போய்ச் சுவரொட்டியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். ரொட்டிக்கடைக்காரி வெளியே வந்து, "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள். ஹாரன் அக்கா ஏறி வண்டியை எடுத்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் ஒரு பிள்ளை மூச்சுவிடவில்லை.

இப்போதிருக்கும் சாமியார் இளைஞர். யார் மனமும் நோகக்கூடாது என்று கவனமாக இருந்தே எல்லார் மனத்தையும் நோகடிக்கிற ரகம். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அவள் அவருடைய அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"என்ன ஃபாதர் இது? ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல."

"நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். உங்க தம்பி எவ்வளவு பெரிய ஆள்! கேட்டதும் ஒத்துக்கிட்டார். எங்களுக்கெல்லாம் மேலான ஆயரே வர்றாரு, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் கோவிச்சுக்கிட்டு முப்பது வருஷமாச்சு ஃபாதர். உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரியுது."

சாமியார் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார், பிறகு குறுக்காக வைத்தார். "இன்னொரு விஷயம்" என்று இழுத்தார். பழைய துருத்திகளையும் பழுது பார்த்துவிட்டார்கள் அல்லவா? முதல் பாட்டை மோட்டார் போடாமல், பழைய காலத்து மாதிரி துருத்திக் காற்றில் வாசிக்கத் தம்பி ஆசைப்படுகிறாராம். மிதிக்கப் பழகின ஆள் வேண்டுமாம். "அக்காவை விட்டா ஆள் இல்லைன்னு அவரே சொன்னார்" என்று சாமியார் நல்ல செய்தி சொல்வது போல முடித்தார்.

அவளுக்குக் காது இரண்டும் சூடேறியது. வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது. "அவன் வந்து என்கிட்டக் கேக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினாள். அவன் வரமாட்டான், கேட்க வெட்கப்படுவான் என்பது அவள் கணக்கு.

வந்தான். விழாவுக்கு முந்தின நாள் மதியம், வாடகைக் காரில். வெல்டர் கொட்டகையில் முகமூடியோடு வேலையாக இருந்தார். "அத்தான், இன்னும் தீப்பொறிதானா?" என்று அவர் தோளில் தட்டினான். உள்ளே வந்து சமையலறை நாற்காலியில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தான். கொஞ்சமும் கள்ளமில்லாமல் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்கவும் கேட்டான்.

"எனக்கு மோட்டார் காத்து பிடிக்கிறதே இல்லக்கா. அது இயந்திரம். உன் மிதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எங்க மூச்சு வாங்கணும்னு உன் காலுக்குத் தெரியும். உலகத்துல எங்கேயும் எனக்கு அப்படி ஒரு ஆள் கிடைச்சதில்ல."

"இத்தனை வருஷம் நான் இங்க வாசிச்சுட்டு இருந்தேன். தெரியுமில்ல?"

"தெரியாமலா? நீ ஒப்பேத்திட்டு இருந்ததே பெரிய விஷயம். நீ இல்லன்னா எலி தின்னுட்டுப் போயிருக்கும்."

ஒப்பேத்தினாளாம். அவள் டீயை அவன் முன்னால் வைத்தாள். கோப்பை தட்டில் சத்தமாக இடித்தது. "சரி, வர்றேன்" என்றாள்.

அவன் போனதும் வெல்டர் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்தார். "எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"எனக்கே தெரியலங்க" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை.

ஞாயிறன்று கோயிலில் எள் விழ இடமில்லை. ஆயர் பீடத்துக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அக்கா கல்யாணங்களுக்குப் போடுகிற நல்ல உடுப்பில், சிற்றறைக்குள் புதுத் தோல் வாசனைக்கு நடுவில் நின்றாள். அறை அப்படியே இருந்தது. அவளுக்குத்தான் தலை இடித்தது. தம்பி மாடத்தின் விளிம்புக்கு வந்து ஒலிபெருக்கியில் பேசினான். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்ற பேச்சு. இந்த ஊர், இந்தக் கோயில், தன் அப்பா. அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாட்டு. பிறகு குரலில் ஒரு சிரிப்பு ஏறியது.

"துருத்தி மிதிக்கிற வேலை எங்க அக்காவுக்கு. பாவம், மிதிச்சுக்கிட்டே தூங்கிடுவா. பாட்டு நடுவுல ஆர்கன் கொட்டாவி விடும்! அப்பா சுவத்துல ஒரு தட்டு தட்டுவார், உடனே மறுபடியும் காத்து வரும்."

கோயில் முழுக்கச் சிரித்தது. ஆயரும் சிரித்தார். சுவருக்குப் பின்னால் நின்றவளுக்கு அந்தச் சிரிப்பு தரை வழியாகக் காலில் ஏறியது. அவள் தூங்கியதில்லை. ஒரு ஞாயிறுகூடத் தூங்கியதில்லை. அப்பாவின் அந்தக் கேள்வி தூங்கவிட்டிருந்தால்தானே.

தம்பி சுவரில் தட்டினான். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். அவள் மிதித்தாள்.

அவன் வாசித்தான். அதைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது, அப்படி வாசித்தான். அவள் வாசித்த அதே ஆர்கன்தான், அவளே போர்வை சுற்றிக் கொண்டுபோன குழல்கள்தான், ஆனால் அவள் கையில் ஒருபோதும் வராத ஏதோ ஒன்று அவன் கையில் வந்தது. மெல்லிய குழல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டன; கீழே பெருங்குழல்கள் தூரத்தில் இடி உருளுவது போல உருண்டன. அவன் மோசமாக வாசித்திருந்தால் அவள் கடைசி வரைக்கும் மிதித்திருப்பாள். இவ்வளவு நன்றாக வாசிக்கிறானே என்பதுதான் தாங்கவில்லை. அந்தக் காற்று முழுவதும் அவள் தொடையிலிருந்து போகிறது. அவன் எங்கே நிறையக் காற்று தின்கிறான், எங்கே கொஞ்சமாகக் கொறிக்கிறான் என்று ஒவ்வொன்றும் அவள் காலுக்குத் தெரிகிறது. அவளுக்கும் அந்தப் பலகையில் அந்த வயதில் ஓர் இடம் கிடைத்திருந்தால்? கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருந்தன.

ஒரு துருத்தி இறங்கி முடிந்தது. அடுத்ததற்குத் தாவ வேண்டிய கால் தாவவில்லை. அவள் மிதிகட்டையிலிருந்து இறங்கித் தரையில் நின்றாள்.

பாட்டு உடனே நிற்கவில்லை. முதலில் சுதி சறுக்கியது. பிறகு குழல்கள் ஒவ்வொன்றாகத் தொண்டை கட்டின. கடைசியில் பெருங்குழல் ஒன்று சேற்றில் சிக்கிய மாடு போல நீளமாக அனத்தி அடங்கியது.

"அக்கா! மிதி! என்ன ஆச்சு, மிதி!" என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் தட்டினான்.

அவள் சிறு கதவைத் திறந்துகொண்டு மாடத்துக்கு வந்து விளிம்பில் நின்றாள். கீழே அத்தனை முகங்களும் மேலே பார்த்தன. அவர்கள் திரும்பி அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நான் தூங்கல" என்றாள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "ஒரு நாளும் தூங்கினதில்ல. இங்க முப்பது வருஷமா வாசிச்சது யாருன்னு இவன் சொல்லட்டும். சொல்லிட்டா நான் போய் மிதிக்கிறேன்."

தம்பி கீழே கூட்டத்தைப் பார்த்தான், ஆயரைப் பார்த்தான். அவன் கைகள் இன்னும் கட்டைகள் மேலேயே இருந்தன. அந்த நேரம் பார்த்து, நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று சாமியார் கீழேயிருந்த மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டார். காற்று புகுந்ததும் ஆர்கன் ஒரே நேரத்தில் பத்து குழலில் அலறியது. ஆயர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

ஹாரன் அக்கா படியிறங்கி, நடுவழியாக நடந்து, வாசலைத் தாண்டிப் போனாள். பின்னால் மோட்டார் காற்றில் பாட்டு மறுபடி தொடங்கியது. பஸ் கோயிலுக்கு எதிரே நின்றிருந்தது. ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவை அடைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து தம்பி வந்து கண்ணாடியில் தட்டினான். வெகு நேரம் கழித்துத் திறந்தாள். அவன் ஏறி முதல் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என் மானத்தை வாங்கிட்டியேக்கா. ஆயர் முன்னாடி."

"உன் மானம் ஒரு பாட்டுல போயிடுச்சா? அப்ப ரொம்ப லேசான மானம்தான்."

"என்ன பண்ணினேன் நான்? ஒரு தமாஷுக்குச் சொன்னது."

"என்னை வெச்சுத்தான் தமாஷா?"

"உனக்கு என்ன தெரியும்? கட்டை தப்பினா அப்பா ஸ்கேலால விரல்ல அடிப்பார். அழுதா இன்னொரு அடி. நீ அந்தப் பக்கம் நிம்மதியா இருக்கியேன்னு எனக்குப் பொறாமையா இருக்கும். ஓடிப் போகத்தான் நகரத்துக்கே போனேன். அதனாலதான் திரும்பி வரல."

அவளுக்கு இது புதுச் செய்தி. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"உனக்கு வலிச்சுது. சரி. எனக்கு வலிக்கிறதுக்குக்கூட அந்தப் பலகையில இடம் இல்ல."

"நீ கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். நீயும் இருந்த. நான் உக்காந்துட்டா மிதிக்கிறது யாருன்னு அப்பா கேட்டார். நீ சிரிச்ச."

அவனுக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. "எனக்கு அப்ப ஆறு வயசுக்கா."

"இன்னைக்கு உனக்கு எத்தனை வயசு? இன்னைக்கும் சிரிச்ச. ஊரையும் சேர்த்துச் சிரிக்க வெச்ச."

மன்னித்துக்கொள் என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, அவன் சொல்லவில்லை. எழுந்து, தலையைக் குனிந்து, இறங்கிப் போனான்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. கோயிலுக்குள் இப்படியா என்றார்கள். பெற்ற அப்பன் பெயரைக் கெடுத்தாள் என்றார்கள். இப்படிப்பட்டவளை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவதா என்று ஒருத்தர் பள்ளியில் போய்க் கேட்டார். சாமியார் வந்து, "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோங்க" என்று மென்மையாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவள் சாவியை அவர் கையில் வைக்கவில்லை, மேசையில் எறிந்தாள்.

வெல்டர் மட்டும் வழக்கம்போலக் கேட்டார். "வருத்தமா இருக்கா?"

"ஒரே ஒரு வருத்தம்" என்றாள். "அந்தப் பாட்டை அவன் எப்படி முடிச்சான்னு கேக்காம வந்துட்டேன்."

ஆர்கன் புதுப் பொலிவோடு ஊமையாக நின்றது. நகரத்திலிருந்து ஞாயிறுதோறும் யார் வருவார்? கீபோர்டு வாசிக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவரை ஏற்றினார்கள். ஆர்கனில் கீழ்ச்சுரங்களைக் காலால் வாசிக்க வேண்டும்; கையைக் கவனித்தால் கால் தப்பியது, காலைக் கவனித்தால் கை நின்றது. மூன்றாம் வாரம் அவருக்கு முதுகுவலி வந்துவிட்டது. பிறகு செல்போனை ஒலிபெருக்கியில் மாட்டிப் பாட்டு போட்டார்கள். அது ஒரு நாள் பூசை நடுவில் சோப்பு விளம்பரம் பாடியது. பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் சாமியாரைப் பிடித்து, வாசிக்காமல் வைத்தால் பழுது பார்த்ததே வீண் என்று சத்தம் போட்டார்.

ஒரு மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாமியார் சாவியோடு வந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டீங்கன்னா எல்லாருக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்."

"கேக்க மாட்டேன்." அவள் தண்ணீர்க் குழாயைத் திருப்பிய வேகத்தில் அவர் அங்கி நனைந்தது. "சாவி இனிமே என்கிட்டதான் இருக்கும். முப்பது வருஷமா வாசிச்சது யாருன்னு நீங்க பீடத்துல நின்னு சொல்லணும். அன்னைக்கு அவன் சொல்லல. நீங்களும்தான் சொல்லல. சுவிட்சைப் போட்டீங்க."

சாமியார் நனைந்த அங்கியோடு நின்றார். அவருக்கு அது உறைத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் சொன்னார், சுற்றி வளைக்காமல் சொன்னார், தன் தவற்றையும் சேர்த்துச் சொன்னார். முதலில் கைதட்டியது ரொட்டிக்கடைக்காரி. பூசையில் தட்டலாமா கூடாதா என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாதிப் பேர் தட்டினார்கள். பாதிப் பேர் தட்டவில்லை. ஹாரன் அக்கா மேலே சத்தம் கூட்டுகிற எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிட்டு வாசித்த வாசிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பின. முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டவர்களை வெல்டர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் அவள் பழகிக்கொண்டிருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி. முன்கூட்டிச் சொல்லவில்லை, கார் இல்லை, கழுத்துத் துணி இல்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான்.

"நீ வாசி. நான் போய் மிதிக்கிறேன்" என்றான்.

"வேண்டாம். மோட்டார் இருக்கு."

"இல்லக்கா, நான் மிதிக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"நீ மிதிச்சன்னா ஊர்ல நாளைக்கு உன்னைத்தான் பெருமையாப் பேசுவாங்க. எவ்வளவு பெரிய மனசுன்னு. எனக்கு அது தேவையில்ல. கீழ போய் உக்காந்து கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு. அதைத்தான் இந்த வீட்டுல யாரும் பண்ணினதில்ல."

அவன் முகம் சுருங்கியது. ஆனால் போனான். அவள் மிக நீளமான ஒன்றை எடுத்து வாசித்தாள். அவன் கேட்கிறான் என்ற நினைப்பே எரிச்சலைக் கிளப்பியது, எரிச்சலில் நடுவில் ஓரிடம் தடுமாறியது, சமாளித்து முடித்தாள். கீழே அவன் ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் இறங்கி வந்து எதிரே நின்றாள். "சொல்லு."

அவன் யோசித்துத்தான் சொன்னான். "ஆரம்பம் எனக்கு இப்படி வராது. நடுவுல உன் இடது கை அவசரப்படுது. வலது கை பேசி முடிக்கிறதுக்குள்ள அது பதில் சொல்லிடுது."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். "அது வேணும்னுதான்."

"வேணும்னு இல்ல. பழக்கம்."

"நீ யாரு எனக்குச் சொல்ல? அங்க அப்படித்தான் போகணும்."

"போகக்கூடாதுக்கா. எழுதியிருக்கிறதைப் பாரு."

கோயில் வாசலில் தொடங்கிய சண்டை, ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டு போய், வீட்டுச் சமையலறை வரைக்கும் நீண்டது. அவன் மேசையில் விரலால் வாசித்துக் காட்டினான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டுத் தன் விரலால் வாசித்துக் காட்டினாள். டீ ஆறிப்போயிற்று. வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி முகமூடியை இறக்கிக்கொண்டு கொட்டகைக்கே போய்விட்டார். நகரத்துக்குப் போகும் கடைசிப் பேருந்தையும் தம்பி தவறவிட்டான். அதற்கும் அவள்தான் திட்டினாள். பிறகு பள்ளி பஸ்ஸின் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏறு, ரயில் ஸ்டேஷன்ல விடுறேன்" என்றாள். வழி முழுக்க இடது கையைப் பற்றித்தான் பேச்சு. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.